அண்ணாமலையார் ஊரின் மொட்டை மாடிகள்: கான்கிரீட்டைக் காப்பது எது?

கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் மாடிகளில் தலைகள் தெரியும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும் நொடியைக் காண, வீடு, விடுதி, கடை, கல்யாண மண்டபம் என்று மலை தெரிகிற எந்த மாடியையும் ஊர் விட்டுவைப்பதில்லை. சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், இடம் பிடித்த வெளியூர்க்காரர்கள் என எல்லாரும் மேலே இருப்பார்கள். கைப்பிடிச் சுவர் நெடுக அகல் விளக்குகள் எரியும்.

இத்தனை பேரையும் தாங்கி நிற்பது நாலரை அல்லது ஐந்து அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்று இந்தியத் தர விதி கணக்கு வைத்திருக்கிறது. பெரியவர்கள் நான்கு பேர் ஒரு சதுர மீட்டருக்குள் நெருக்கி நின்றாலே அது 250 கிலோ ஆகிவிடும். பழுதில்லாத தளத்தில், பாதுகாப்புக்கென்று பொறியாளர் சேர்த்து வைத்த உபரி பலம் இந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து, அடியில் சிமென்ட் பெயர்ந்து விழுகிற தளத்தில் முதலில் கரைந்து போவது அந்த உபரிதான்.

தீபம் வருகிற மாதமும் சாதாரண மாதமில்லை. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம் அது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13 அன்று, தீபம். நாள்கணக்கில் நனைந்து ஊறிய மாடிகளின் மேல்தான் அந்த ஆண்டும் மக்கள் நின்றார்கள். மண்சரிவைத் தடுக்கும் சக்தி எந்தப் பூச்சுக்கும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் தளத்துக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் கம்பியைத் தின்கிற தண்ணீரை நிறுத்த முடியும். அதற்கான வழிகள் பழசும் புதுசுமாக நிறையவே இருக்கின்றன.

சந்தையில் அவை வண்ண வண்ண டின்களில் வருகின்றன. டின்னைத் திறப்பதற்கு முன்பே வேலையின் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதைத்தான் பல வீட்டுக்காரர்களிடம் யாரும் சொல்வதில்லை.

கம்பிக்கு யார் எதிரி?

பார்வைக்குக் கல் போல இருந்தாலும் கான்கிரீட் முழுக்கத் துளைகள் கொண்டது. சிமென்ட் இறுகுவதற்குத் தேவையானதைவிட அதிகமாக ஊற்றிய தண்ணீர் காய்ந்து போகும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களை விட்டுச் செல்கிறது. கலவை 'ஓடணும்' என்பதற்காக மிக்சரில் கூடுதலாக ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் இந்தக் குழல்களைப் பெருக்குகிறது. பின்னாளில் மழையும் காற்றும் உள்ளே போவது இந்த வழியாகத்தான்.

புதுக் கான்கிரீட்டின் உள்ளே கடுமையான காரத்தன்மை இருக்கும். அமில-கார அளவுகோலில் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, அதைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அளவு 9-க்குக் கீழே இறங்கியதும் கம்பியின் படலம் நிலைக்காது. அதன் பிறகு தண்ணீரும் பிராணவாயுவும் கிடைத்தால் துரு ஆரம்பம். துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அந்த வீக்கத்தில் கான்கிரீட் பிளக்கிறது. கம்பி போகிற வரியிலேயே நேர்கோடாக விரிசல் விழுகிறது. பிறகு சில்லு சில்லாக உதிர்கிறது.

இந்த வாயு உள்ளே போகும் வேகத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். ஒரு தளத்தில் 4 ஆண்டில் 5 மில்லிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் போக 16 ஆண்டு, 20 மில்லிமீட்டர் போக 64 ஆண்டு. சாதாரணச் சூழலில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதி. கவர் பிளாக் என்ற சிமென்ட் பில்லைகளை அடியில் வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் பலகையை ஒட்டியே கிடத்தித் தளம் போட்டு, அந்த இடைவெளி 10 மில்லிமீட்டராகக் குறைந்தால், பாதுகாப்புக் காலம் பாதியாகக் குறைவதோடு நிற்காது. நாலில் ஒரு பங்காகிவிடும். கையளவு சிமென்ட் பில்லைகளில் செய்த சிக்கனத்துக்கு இதுதான் விலை.

வாயு இறங்கிய ஆழத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சந்தேகமான இடத்தில் பொறியாளர் உளியால் ஒரு சில்லைப் பெயர்ப்பார். புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரம் உயிரோடு இருக்கிற உட்பகுதி சட்டென்று அடர் இளஞ்சிவப்பாக மாறும். வெளி விளிம்பில் ஒரு பட்டை மட்டும் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அளவுகோலை வைத்து அந்தச் சாம்பல் பட்டையை அளந்தால், வாயு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பட்டை கம்பியைத் தொட்டிருந்தால், வெளியே பூச்சு அடிப்பது மட்டும் போதாது. பழுதான கான்கிரீட்டை வெட்டி எடுத்துக் கட்ட வேண்டிய நிலை.

இன்னொரு எதிரி உப்பு. குளோரைடு உப்பு, காரம் குறையாத கான்கிரீட்டிலும் கம்பியின் படலத்தைத் துளைத்துவிடும். கடலோரத்தில் காற்றிலேயே வருகிறது. உள்நாட்டில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் வருகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் தளம் போட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து மேலே விலையுயர்ந்த பூச்சு அடித்தால், எதிரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதாகத்தான் ஆகும்.

கோபுரமும் தளவரிசையும்

திருவண்ணாமலையில் கட்டடக் காப்புக்குப் பாடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த 217 அடி ராஜகோபுரம் அங்கே நிற்கிறது. கீழே கருங்கல், மேலே செங்கல், சுண்ணாம்பு, சுதைச் சிற்பங்கள். அதற்குள் இரும்புக் கம்பி வலை இல்லை. கான்கிரீட்டின் காவலைப் பறிக்கிற அதே கரியமில வாயுவை உறிஞ்சித்தான் சுண்ணாம்புச் சாந்து இறுகிக் கல்லாகிறது. கம்பி போட்ட கட்டடத்தை வலுவிழக்கச் செய்யும் காற்று, கோபுரத்துச் சாந்தை வலுவாக்குகிறது.

அதற்காகக் கோபுரத்தை அப்படியே விட்டுவிடவில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்ற மரபு, உண்மையில் ஒழுங்கான பராமரிப்புச் சுற்று. அருணாசலேசுவரர் கோயிலில் 2017 பிப்ரவரி 6 அன்று குடமுழுக்கு நடந்தது. இப்படியான திருப்பணிகளில் சாரம் கட்டி, பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, உடைந்த சுதையைச் சீர்செய்து, பிறகுதான் வண்ணத்துக்கு வருவார்கள். வேரை எடுக்காமல் மேலே வண்ணம் அடித்தால் அடுத்த மழையில் அதே இடத்தில் துளிர் எட்டிப் பார்க்கும் என்பது ஸ்தபதிகளுக்குத் தெரியும். வீட்டு மாடிக்கும் இந்த வரிசைதான்: முதலில் நோய், பிறகு காயம், கடைசியில் பூச்சு.

வீட்டுக் கூரைக்கும் தமிழ்நாட்டில் ஒரு மரபுக் காப்பு உண்டு. தளவரிசை. செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து தளத்தின் மேல் பரப்புவார்கள். பொதுப்பணித் துறையின் வழக்கமான அளவு 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு; மணல் கிடையாது; சராசரிக் கனம் 75 மில்லிமீட்டர். வரிசையாக உட்கார்ந்த ஆட்கள் மரக்கட்டையால் தாளம் தப்பாமல் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பார்கள். அதன் மேல் நீர்க்காப்புப் பொடி கலந்த சிமென்ட் சாந்தில் தட்டோடு பதித்து, இடைவெளிகளை நிரப்புவார்கள். செங்கல் ஜல்லி வெயிலைத் தடுக்கும். சுண்ணாம்பு மெல்லிய விரிசலைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளும். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். சென்னையின் பழைய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளில் மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, அதன் மேல் இதே முறையைத்தான் செய்தார்கள்.

இன்று அடிக்கிற ஆட்கள் இல்லை. அடிப்பதற்கு நாட்களும் இல்லை. சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் வந்துவிட்டது. இறுக்கமான சிமென்ட் வெயிலில் விரிந்து வெடிக்கிறது. ஒழுகினால், பழைய ஓட்டுக்கு மேலேயே இன்னொரு அடுக்கு ஜல்லியும் ஓடும் போடுகிற பழக்கமும் இருக்கிறது. இது ஆபத்து. 75 மில்லிமீட்டர் ஜல்லியும் ஓடும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டிவிடும். கூட்டம் நிற்பதற்கென்று விதி ஒதுக்கிய பாரம் முழுவதையும், யாரும் ஏறுவதற்கு முன்பே அந்த இரண்டாவது அடுக்கு சாப்பிட்டுவிடுகிறது. பழைய அடுக்கை எடுத்த பிறகே புதியது போட வேண்டும். இந்த இடத்தில் சதுர மீட்டருக்கு இரண்டொரு கிலோ எடைக்குள் முடிகிற புதிய பூச்சுகளுக்குத் தெளிவான நன்மை இருக்கிறது.

மூன்று குடும்பங்கள்

கடையில் நூறு பெயர் இருந்தாலும், கான்கிரீட் பரப்புக்குச் செய்கிற சிகிச்சைகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்துவிடலாம். ஐரோப்பியத் தரவிதியும் இப்படித்தான் பிரிக்கிறது.

முதல் குடும்பம், உள்ளே இறங்கி நீரை விலக்குவது. சிலேன், சிலாக்சேன் என்ற சிலிக்கன் சேர்மங்கள். தண்ணீர் போல மெலிந்தவை. துளைகளுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கி, துளையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துளை அடைபடாது. ஆனால் மழைத்துளி சேப்பங்கிழங்கு இலை மேல் விழுந்தது போல உருண்டு ஓடும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற வழி இருக்கும்; தோற்றமும் மாறாது. வெளிச்சுவர், தூண், பாலம், கல் மண்டபம் இவற்றுக்கு ஏற்றது. தண்ணீர் தேங்கி நிற்கிற தட்டையான மாடிக்கும், விரிசல் விழுந்த தளத்துக்கும் இது பயன்படாது.

இரண்டாவது, துளைகளை நிரப்பி மேற்பரப்பை இறுக்குவது. சோடியம், லித்தியம் சிலிக்கேட் கரைசல்கள் கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமென்ட் இறுகும்போது உண்டாகும் அதே வகைப் பிணைப்பை உண்டாக்கும். கிடங்கு, வாகன நிறுத்தம், அன்னதானக் கூடம் போன்ற தரைகளில் தூசி பறப்பதை இது நிறுத்தும்.

மூன்றாவது, மேலே தனிப் படலமாக நிற்கிற பூச்சு. அக்ரிலிக், பாலியூரித்தேன், எபாக்சி, சிமென்ட்டும் பாலிமரும் கலந்த இரட்டைப் பொட்டலப் பூச்சு, தார் விரிப்பு எல்லாம் இதில் சேரும். மாடிக்குப் பெரும்பாலும் இந்தக் குடும்பத்திலிருந்துதான் தேர்வு செய்ய வேண்டும்.

இதில் வெயிலின் கணக்கை மறக்கக் கூடாது. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விரியும். 10 மீட்டர் நீளத் தளம், 30 டிகிரி வித்தியாசத்துக்கு 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அக்னி நட்சத்திர மதியத்தில் கொதிக்கிற மாடியில் மாலையில் திடீரென்று கோடை மழை விழும்போது, தளம் சில நிமிடத்தில் சுருங்கத் தொடங்குகிறது. விரைப்பான பூச்சு அந்த இழுப்பில் விரிசல் விடும். ரப்பர் போல நீண்டு சுருங்குகிற அக்ரிலிக், பாலியூரித்தேன் வகைகள் தாங்கும். எபாக்சி நல்ல ஒட்டும் வலிமை கொண்டது. ஆனால் நேர் வெயிலில் மஞ்சளாகி, மாவாக உதிரும். அதனால் வெட்டவெளியில் எபாக்சியை அடிப்பூச்சாக வைத்து, வெயில் தாங்கும் பாலியூரித்தேனை மேலே அடிப்பதுதான் வழக்கம்.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுகளும் இப்போது பரவிவருகின்றன. 2023-இல் தெலங்கானா குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. நம் ஊர்களில் சித்திரை பிறந்ததும் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து மாடியில் அடிப்பது இதே தத்துவம்தான். வீட்டுக்குள் சூடு குறையும். தளம் விரிந்து சுருங்குவதும் குறையும். ஆனால் அந்தச் சுண்ணாம்பு ஒழுகலை நிறுத்தாது. வாங்குகிற பூச்சு வெயிலுக்கா, தண்ணீருக்கா, இரண்டுக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

விடுதிகள் நிறைந்த ஊரில் இன்னொரு இடமும் கவனிக்கப்பட வேண்டியது. கழிவுநீர்த் தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை, நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. தொட்டியின் மூடித் தளம் அடிப்பக்கத்திலிருந்து மாவாகக் கரைவது இதனால்தான். அங்கே அமிலம் தாங்கும் பூச்சு, கட்டும்போதே உள்ளே அடித்துவிட வேண்டும். குடிநீர்த் தொட்டிக்கோ, குடிநீருக்கு ஏற்றது என்று சான்று பெற்ற பூச்சு மட்டுமே.

குமரிமுனை, கடம்பாறை, பாம்பன்

முதல் குடும்பத்தின் வேலையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கன்னியாகுமரிக்குப் போகலாம். கணபதி ஸ்தபதி வடிவமைத்து, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலை கருங்கல்லால் ஆனது. கல்லென்றாலும் உப்புக்காற்று இணைப்புகளுக்குள்ளும் துளைகளுக்குள்ளும் போகும். 2022-இல் தொடங்கி 2023-இல் முடிந்த பராமரிப்பில், சிலையைச் சுற்றிச் சாரம் கட்டி, முதலில் நன்னீரால் கழுவினார்கள். இணைப்புகளைச் சுண்ணாம்பு, கடுக்காய், பனைவெல்லக் கலவையால் அடைத்தார்கள். காகிதக் கூழைச் சிலை மேல் அப்பி, அது காயும்போது உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சி எடுக்க விட்டார்கள். சிலிக்கோன் ரசாயனப் பூச்சு அதற்குப் பிறகுதான். கழுவு, அடை, உப்பை எடு, கடைசியில் பூசு. வீட்டுச் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்போது அதைத் துடைக்காமலே பெயின்ட் அடிக்கிற நம் அவசரத்துக்கு இது நேர் எதிர்.

பூச்சு எந்தப் பக்கம் என்பதற்குப் பாடம் கோவை மாவட்டத்தில் ஆனைமலைப் பகுதியிலுள்ள கடம்பாறை அணையில் இருக்கிறது. 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்துக்கான அந்தக் கல் கட்டு அணையில் கசிவு மிகுந்து, 2005 வாக்கில் பி.வி.சி. படலம் போர்த்தினார்கள். தண்ணீர் வெளியேறித் தெரிகிற பின்பக்கத்தில் அதைப் போடவில்லை. தண்ணீர் முட்டி நிற்கிற முன்முகத்தில் போட்டார்கள். கசிவு பெருமளவு அடங்கியது.

வீட்டில் பலர் செய்வது தலைகீழ். அறைக்குள் கூரையில் ஈரக்கறை தெரிந்தால், அதே இடத்தில் பட்டி பார்த்து, நீர்க்காப்பு பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். கறை ஒரு பருவத்துக்கு மறையும். மேலிருந்து இறங்கிய தண்ணீர் தளத்துக்குள்ளேயே நின்று, கம்பியோடு கூடுதல் நாள் இருக்கும். கீழே கறை தெரிந்தால் சிகிச்சை மேலே நடக்க வேண்டும்.

கம்பிக்கே பூச்சு போட்டால் என்ன என்று கேட்கலாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் நிதியிலும் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. அங்கே உருவான சிமென்ட்-பாலிமர் கூட்டுப் பூச்சை, கம்பிகளைக் கட்டுமான இடத்திலேயே துரு நீக்கிப் பூசலாம். உப்புக்காற்றில் பொருட்களை ஆண்டுக்கணக்கில் கிடத்திச் சோதிக்க மண்டபத்தில் அந்த நிலையத்துக்குத் தனி ஆய்வுக்களமும் உண்டு. அதன் பக்கத்திலேயே, 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், இரும்புப் பாகங்களுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கைக்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா. எபாக்சி பூசிய கம்பிகளை நம்பி அங்கே தீவுகளை இணைத்துக் கட்டிய கடல் பாலங்களில், திறந்து சில ஆண்டுகளிலேயே, 1986-இல், தூண்களில் துரு கண்டுபிடிக்கப்பட்டது. வெப்பமான உப்புநீரில், பூச்சில் இருந்த குறைகளும், வளைக்கும்போதும் ஏற்றி இறக்கும்போதும் விழுந்த கீறல்களும் போதுமானதாக இருந்தன. கீறல் விழுந்த இடத்தில் துரு ஒரே புள்ளியில் ஆழமாகக் குடையும். எபாக்சி பூசிய பச்சைக் கம்பியைத் தரையில் இழுத்துப் போட்டு வளைக்கிற நம் களங்களில் இதை நினைவில் வைத்தே பூச்சுக் கம்பியை வாங்க வேண்டும்.

ஒரு டின் போதுமா?

'மேஸ்திரி, ஆயிரம் சதுர அடிக்கு இருபது லிட்டர் டின் ஒன்று போதுமா?' என்று வீட்டுக்காரர் கேட்பார். 'தண்ணி கொஞ்சம் சேர்த்தா தாராளமா வரும் சார்' என்று பதில் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 20 லிட்டரை அதில் பரப்பினால் ஈரத்தில் கனம் 0.22 மில்லிமீட்டர். பூச்சில் கெட்டியான பங்கு 60 சதவீதம் என்றால் காய்ந்த பிறகு மிஞ்சுவது 0.13 மில்லிமீட்டர். மாடியில் நின்று தாங்கக்கூடிய ரப்பர் வகைப் பூச்சு பொதுவாக அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை வேண்டும். அரை மில்லிமீட்டருக்கே 78 லிட்டர், அதாவது நாலு டின் வேண்டும். ஒரே டின்னில் முடிந்த வேலை இரண்டாவது மழைக்காலத்தில் தோல் உரிவது பொருளின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை.

அளவுக்கு முன்னால் பரப்பு. தளத்தைக் கம்பித் தூரிகையாலோ உயர் அழுத்த நீராலோ பாசியும் தூசியும் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். திருவண்ணாமலை மாடிகளில் இதோடு இன்னொன்று சேரும்: ஆண்டுதோறும் ஏற்றுகிற அகல் விளக்குகளின் எண்ணெய். கைப்பிடிச் சுவரின் தலையிலும் மாடியின் மூலைகளிலும் கருத்த வட்டங்களாக ஊறியிருக்கும். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் கான்கிரீட்டின் சுண்ணாம்பையும் மெல்ல அரிக்கும். அந்த இடங்களைச் சோப்புக் காரம் கொண்டு திரும்பத் திரும்பக் கழுவி, தேவைப்பட்டால் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, புதுச் சாந்து வைத்த பிறகே பூச்சு. விளக்கு வைப்பவர்கள் அடியில் ஒரு தட்டு வைத்தால் இந்த வேலை மிச்சம்.

அடுத்தது வாட்டம். பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத சரிவு மழைநீர்க் குழாயை நோக்கி இருக்க வேண்டும். மழை நின்ற அரை மணி நேரத்தில் மாடிக்குப் போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைத்தால், எங்கே குழி என்று மேஸ்திரிக்குக் காட்டலாம். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் பெரும்பாலான ஒழுகல் ஆரம்பிக்கிறது. அந்த மூலையைச் சாந்தால் சாய்வாக உருட்டி, நார்த்துணி பதித்து, பூச்சைச் சுவரில் ஓரடியாவது மேலே ஏற்ற வேண்டும். விரிசல்களை ஆங்கில 'வி' வடிவத்தில் வெட்டி விரித்து, நெகிழும் கலவையால் நிரப்ப வேண்டும். மேலோடு மேலாகத் தடவினால் பயனில்லை.

ஈரம் கடைசிச் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமான கண்ணாடித்தாள் ஒன்றைத் தளத்தின் மேல் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுக்க, பதினாறு மணி நேரமாவது விட வேண்டும். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, அடியில் தளம் கருத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. அன்று பூசினால் வெயில் ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். ஈரத்தில் பூசக்கூடிய சிமென்ட்-பாலிமர் வகைகள் தனி. அவை கேட்பது தேங்கிய நீரில்லாத ஈரப்பரப்பு.

இந்தக் கணக்கில் பார்த்தால் திருவண்ணாமலைக்கு ஏற்ற காலம் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. அதிலும் உச்சி வெயிலில் பூசினால் பூச்சு பரவுவதற்குள் காய்ந்துவிடும். காலை வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலை வெயில் தாழ்ந்த பிறகும் வேலை நடக்க வேண்டும். தீபத்துக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று ஐப்பசியில் அவசரமாக டின் வாங்குவது பணத்தை மழையில் கரைப்பது.

ஒப்பந்தம் பேசும்போது சதுர அடிக் கூலியோடு நான்கு விஷயங்களை எழுதி வாங்கலாம்: எந்தப் பொருள், எத்தனை லிட்டர், எத்தனை கோட், காய்ந்த பிறகு எத்தனை மில்லிமீட்டர். டின்கள் வீட்டுக்காரர் முன்னால் திறக்கப்பட வேண்டும். காலி டின்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பூச்சு முழுக்க இறுகிய பிறகு, குழாய் வாயை அடைத்து ஓரங்களில் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். அதற்கு முன்பே கீழே அறையின் கூரையில் பழைய ஈரக்கறைகளின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கறை கோட்டைத் தாண்டவில்லை என்றால் கடைசித் தவணையைக் கொடுக்கலாம். பிறகு ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், வடகிழக்கு மழை இறங்குவதற்கு முன், மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்த சருகை எடுத்துவிட்டு, மூலைகளில் பூச்சு கிளம்பியிருக்கிறதா என்று ஒருமுறை கையால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அரை நாள் போதும்.